மெத்தையா, ரப்பரா? பார்கூர் ஷூ குறித்த விவாதங்கள்

சுவர், கம்பி போன்ற தடைகளைத் தாவிக் கடக்கும் பார்கூரைப் பழக வருகிறவர்கள் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி: எந்த ஷூ வாங்கலாம்? மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், மைதானமும் வேண்டாம் என்று பெருமை பேசும் ஒரு பயிற்சியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஏறக்குறைய அது ஒன்றுதான். அதனாலோ என்னவோ, அந்தக் கேள்விக்கு அளவுக்கு மீறிய கனம் ஏறிவிட்டது. வெறுங்காலே போதும் என்பது ஒரு தரப்பு. கான்கிரீட்டில் குதிக்கிறவனுக்குத் தடித்த மெத்தை இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும் என்பது இன்னொரு தரப்பு. மெல்லிய கான்வாஸ் ஷூவைத் தவிர வேறொன்றைத் தொடாதவர்களும் உண்டு. பார்கூருக்கென்றே தைத்த ஷூ இப்போது இருக்கும்போது பழைய சண்டை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

இந்த விடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த இடமும் காலமும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், சண்டையின் பெரும்பகுதி சோலின் தடிமனைப் பற்றியதாக இருப்பதும், அந்த அளவுகோல் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து கடன் வாங்கியதாக இருப்பதும் தெரியவரும். சுவரிலும் கம்பியிலும் கால் வைத்த இடத்தில் நிற்குமா என்பது பார்கூர் தனக்கென்று எழுப்பும் கேள்வி. எழுத்தில் அதற்குக் கிடைத்த கவனம் குறைவு.

வெறுங்காலின் வம்சாவளி

பார்கூரின் மூதாதை என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுபவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் (1875–1957). ஓடுதல், தாவுதல், ஏறுதல், சமநிலை, சுமத்தல் போன்றவற்றை ஒன்றாகக் கோத்து ‘இயற்கை முறை’ என்ற உடற்பயிற்சியை அவர் வகுத்தார். 1913இல் ரேம்ஸ் நகரில் திறக்கப்பட்ட விளையாட்டு வீரர் கல்லூரியில் அவருடைய மாணவர்கள் குறைந்த உடையோடும் வெறுங்காலோடும் பயின்றனர். வெயிலும் காற்றும் தோலில் பட வேண்டும், பாதம் தரையை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரெஞ்சு ராணுவத்தின் தடைப் பாதைப் பயிற்சி இந்த மரபிலிருந்து வந்தது. ‘பார்கூர்’ என்ற பெயரும் அந்தத் தடைப் பாதையைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

இன்று வெறுங்காலை ஆதரிப்பவர்கள் எபேரைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். அந்தச் சாட்சியம் பாதி தூரம்தான் வரும். எபேரின் மாணவர்கள் ஓடிய தரை புல்லும் மணலும் மண்ணும். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த கம்பி, சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு ஆகியவை நிறைந்த புறநகர்க் குடியிருப்பில் கேள்வியே மாறிவிடுகிறது. ஆனாலும் வெறுங்கால் வாதத்தில் தள்ளிவிட முடியாத ஒரு கூறு உண்டு. பாதம் உணர்ச்சி உறுப்பு. குறுகிய கம்பியின் மேல் நிற்கும்போது எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி உள்ளங்காலின் தோல் வழியாகவும் வருகிறது. பெரும்பாலான பயிற்றுநர்கள் வெறுங்காலை முழுநேர விடையாகச் சொல்வதில்லை. தாழ்வான கம்பியிலும் புல்தரையிலும் கொஞ்ச நேரம் செய்ய வேண்டிய துணைப் பயிற்சியாகவே பரிந்துரைக்கிறார்கள். எபேரிடமிருந்து இன்றைய நகரத்துக்கு அவ்வளவைத்தான் கொண்டுவர முடியும் என்று தோன்றுகிறது.

லீஸ் புறநகரும் கைக்கெட்டிய ஷூவும்

இன்று நாம் அறியும் பார்கூர் உருவான இடம் பாரிசின் தெற்கே உள்ள லீஸ், எவ்ரி முதலிய புறநகர்கள். வியட்நாமில் பிறந்து, ராணுவப் பள்ளியில் வளர்ந்து, பின்னர் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்த ரேமோன் பெல் தன் பயிற்சியை மகன் டேவிட் பெல்லுக்குக் கடத்தினார். டேவிடும் அவருடைய உறவினர்களும் நண்பர்களுமாக ஒன்பது பேர் சேர்ந்து 1997இல் யமகாசி என்ற குழுவை உருவாக்கினார்கள். லீஸ் பூங்காவில் நிற்கும் ‘தாம் து லாக்’ என்ற கான்கிரீட் ஏறுசுவர்ச் சிற்பம் பார்கூர்காரர்களுக்கு இன்றும் யாத்திரைத் தலம்.

இந்தத் தலைமுறை ஷூவைப் பற்றிக் கோட்பாடு எதையும் வகுக்கவில்லை. கடையில் கிடைத்த சாதாரண விளையாட்டு ஷூவே அவர்களுடையது. ஆபத்தில் ஓட வேண்டிய நேரத்தில் காலில் எது இருக்கிறதோ அதோடுதானே ஓட வேண்டும், ஆகவே எந்த ஷூவிலும் பழகு என்ற பேச்சு இந்தக் காலத்து மனநிலையிலிருந்து வருவது. பயன்படக்கூடிய வலிமையே வலிமை என்ற எபேரின் கொள்கைக்கு அது பொருந்திவருகிறது. ஆனால் ஒரே தாவலை ஒரு மாலையில் ஐம்பது தடவை செய்து பழகும் மாணவனுக்கு அந்தப் பேச்சு உதவாது. அவசரத்தில் ஒருமுறை ஓடுவதும் வருடக்கணக்கில் பயிற்சி செய்வதும் காலுக்கு ஒன்றல்ல.

2002இல் டேவிட் பெல் கூரைகளுக்கு மேல் தாவி வீடு திரும்பும் பிபிசி விளம்பரமும், 2003இல் சேனல் 4 ஒளிபரப்பிய ‘ஜம்ப் லண்டன்’ ஆவணப்படமும் பிரிட்டனில் பெரும் ஆர்வத்தைக் கிளப்பின. ஆசிரியர் அருகில் இல்லாமல் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் எந்த ஷூ என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். விவாதம் உண்மையில் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

மெல்லிய சோல் கட்சி

இந்தக் கட்சிக்கு இரண்டு சின்னங்கள். ஒன்று ஃபெய்யுவே. ஷாங்காயில் 1950களிலிருந்து செய்யப்பட்டுவரும், சீனத் தற்காப்புக் கலை மாணவர்கள் அணியும் கான்வாஸ் ஷூ அது. நம் பள்ளிக்கூடத்து பி.டி. ஷூவுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். விலை குறைவு, எடை குறைவு, அடியில் முழு ரப்பர். 2006இல் அதே பெயரை ஒரு பிரெஞ்சுத் தொழில்முனைவர் ஐரோப்பாவில் நாகரிக ஷூவாக விற்கத் தொடங்கியதால், ஒரே பெயரில் இரண்டு தயாரிப்புகள் சந்தையில் உலவி வாங்குகிறவர்களைக் குழப்பின.

மற்றது டெக்கத்லானின் காலென்ஜி வரிசையில் வந்த மலிவான ஓட்ட ஷூக்கள். கண்டிப்பாகச் சொன்னால் அவை மெல்லியவை அல்ல, நடுத்தரம். ஆனால் அடிப்பகுதி தட்டையாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தது; விலையோ பெரிய நிறுவனங்களின் ஷூவோடு ஒப்பிட்டால் அற்பம். சுவரில் உரசி உரசிச் சில மாதங்களில் கிழியப்போகும் பொருளுக்கு மலிவாக இருப்பதே முதல் தகுதி என்ற கணக்கை இந்த ஷூக்கள்தான் நிலைநாட்டின. அந்தக் கணக்குக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் ஆதரவு கிடைத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் மூன்று விலை வரிசைகளில் ஓட்ட ஷூக்களை ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட கட்டுரையில், உள்ளங்கால் அழுத்தத்தைக் குறைப்பதில் மலிவான ஷூக்கள் விலையுயர்ந்தவற்றுக்கு இளைத்தவையல்ல என்று கண்டார்கள். ஓட்டத்துக்கான முடிவுதான் அது; இருந்தாலும் விலைச்சீட்டைப் பார்த்துத் தரத்தை அளக்கும் பழக்கத்தைச் சற்று அசைக்கிறது.

மெல்லிய சோல் கட்சிக்கு அறிவியல் முகம் கிடைத்தது 2010இல். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள், அதனால் குதிகாலை முதலில் ஊன்றும்போது எழும் திடீர் மோதல் விசை அவர்களிடம் மிகவும் குறைகிறது என்று காட்டியது. பார்கூர்காரர்களுக்கு இது தங்கள் பயிற்சிக்குக் கிடைத்த முத்திரையாகத் தெரிந்தது. அவர்களும் முன்பாதத்தில்தானே இறங்குகிறார்கள்! அந்த ஆய்வோ ஓட்டத்தைப் பற்றியது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் பாதம் தாங்குவது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. சுவரிலிருந்து கீழே குதிக்கும்போது அந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. தவிர, குறைந்த மோதல் விசை என்பது குறைந்த காயம் என்று அந்தக் கட்டுரையே அறுதியிட்டுச் சொல்லவில்லை.

எதிர்த்திசையில் வந்த சான்றும் உண்டு. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், பத்து வாரங்களில் மெல்லிய ஐவிரல் ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர்களின் பாத எலும்புகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பழைய ஷூவிலேயே ஓடியவர்களைவிட மாறியவர்களிடம் எலும்பு மச்சையில் நீர்கோத்த அறிகுறிகள் அதிகம் இருந்தன. பாதம் மெல்லிய சோலுக்குப் பழகும் என்பது உண்மையாகவே இருக்கலாம். பழகுவதற்கு அது கேட்கும் காலம் ஆர்வமுள்ள பதினாறு வயதுப் பையன் கொடுக்கத் தயாராக இருக்கும் காலத்தைவிட நீளமானது.

மெத்தைக் கட்சி சொல்வது

மெத்தை வேண்டும் என்பவர்களின் வாதம் எளிமையானது: கான்கிரீட் விட்டுக்கொடுக்காது, ஆகவே ஷூ விட்டுக்கொடுக்க வேண்டும். இதைக் கேலி செய்வது பார்கூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் நாகரிகமாக இருந்தது. அவ்வளவு எளிதாகக் கேலி செய்துவிட முடியாது. லக்சம்பர்க்கில் 800க்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு, எது எந்த வகை என்று தெரியாதவாறு, கெட்டியான மெத்தையோ மென்மையான மெத்தையோ உள்ள ஷூவைக் கொடுத்து ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். கெட்டி ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று 2020இல் வெளியான முடிவு சொன்னது. இன்னொரு செய்தி பலரை வியக்க வைத்தது: மென்மையின் பயன் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம்தான். கனமானவர்களுக்குத்தான் மெத்தை அதிகம் தேவை என்ற பொதுப்புத்திக்கு அது ஒத்துவரவில்லை.

குதிப்பதற்கு இதை அப்படியே பொருத்தலாமா என்பதில் இரண்டு தடைகள் இருக்கின்றன. முதல் தடை உடலின் நடத்தை. கனடாவின் ஸ்டீவன் ராபின்ஸ் 1990களில் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரைகளில், மென்மையான பரப்பில் கால் வைக்கும்போது மனிதர்கள் நிலைப்பைத் தேடி அந்தப் பரப்பை இன்னும் ஓங்கி மிதித்து அமுக்குகிறார்கள், ஆகவே மோதல் குறைவதற்குப் பதில் கூடக்கூடும் என்று வாதிட்டார். மெத்தை தரும் பாதுகாப்பு உணர்வே கவனத்தைக் குறைக்கிறது என்பதும் அவர் வாதம். அவருடைய சோதனைகள் சிறியவை, முடிவுகள் துணிச்சலானவை. அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்றுநர்கள் களத்தில் சொல்லும் ஒன்றோடு அது பொருந்துகிறது: பஞ்சு போன்ற ஷூவில் பழகியவனின் இறக்கம் சத்தம் போடும்.

இரண்டாம் தடை வடிவமைப்பைச் சார்ந்தது. வழக்கமான ஓட்ட ஷூவில் நுரை மிகத் தடிப்பாக இருப்பது குதிகாலுக்கு அடியில். முன்பாதத்தைவிடக் குதிகால் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும் மாதிரிகள் ஏராளம். பார்கூரில் குறிபார்த்துத் தாவிக் கம்பியிலோ சுவர் விளிம்பிலோ நிற்கும் ‘பிரிசிஷன்’ தாவலில் இறங்குவது முன்பாதம். குதிகால் அந்தரத்தில் நிற்கிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய மெத்தையின் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. அதே நேரத்தில் பாதம் தரையிலிருந்து உயர்ந்துவிட்டதால் கணுக்கால் புரளும் வாய்ப்பு கூடுகிறது. மெத்தைக் கட்சியின் பதிலிலும் நியாயம் இருக்கிறது: தாவல் சரியாக அமையும்போது குதிகாலுக்கு வேலை இல்லை, ஆனால் தவறும்போதுதானே பாதுகாப்பு தேவை? விளிம்பைத் தாண்டிப்போய்க் குதிகால் கல்லில் மோதி, வாரக்கணக்கில் நொண்டுவது இந்தப் பயிற்சியில் பழக்கமான துன்பம். குதிகாலில் கொஞ்சம் நுரை வேண்டும் என்பதை இன்று மெல்லிய சோல் கட்சியினரே பலர் ஒத்துக்கொள்கிறார்கள். சண்டை இப்போது எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது.

கணுக்காலை மூடும் உயரமான ஷூ பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கூடைப்பந்து ஆடும் 622 பேரை வைத்து 1993இல் வெளியான ஒரு சோதனையில், உயர ஷூவுக்கும் தாழ்ந்த ஷூவுக்கும் கணுக்கால் சுளுக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆழமாக மடங்கி இறங்க வேண்டிய பார்கூரில் உயர ஷூ தடையாகவும் ஆகலாம். இந்தக் கட்சிக்கு இப்போது ஆள் குறைவு.

பிடிப்பு என்ற மறந்துபோன கேள்வி

தடிமன் பற்றி இவ்வளவு பேசியவர்கள் ரப்பரைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதினார்கள் என்பது விந்தை. ‘வால் ரன்’ என்ற அசைவை எடுத்துக்கொள்வோம். ஓடிவந்து ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு காலை ஊன்றி, உடலை மேல்நோக்கி உந்த வேண்டும். உடலின் வேகம் பாதத்தைச் சுவரோடு அழுத்தும் அந்த நொடித்துணுக்கில் கிடைக்கும் உராய்வுதான் மேலே தூக்கும் விசை முழுவதும். உராய்வு போதாவிட்டால் கால் வழுக்கிக் கீழே வரும். முழங்காலோ முகமோ சுவரைச் சந்திக்கும். விளிம்பைக் கையால் பற்றித் தொங்கும் ‘கேட் லீப்’ தாவலிலும் சுவரை முதலில் தொட வேண்டியது பாதம். இங்கே மெத்தையின் தடிமன் எதையும் தீர்மானிப்பதில்லை.

ரப்பர் மற்றப் பொருள்களைப் போல உராய்வதில்லை. பள்ளிப் பாடத்தில் உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று படிக்கிறோம். ரப்பரோ பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து இறங்குகிறது. அதன் பிடிப்பு ஒட்டிக்கொள்ளும் தன்மையிலிருந்தும், நெளிந்து மீளும்போது விரயமாகும் ஆற்றலிலிருந்தும் வருகிறது. அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்தால் எடைக்கு ஏற்ற விகிதத்தில் பிடிப்பு உயராது. ஆகவே உலர்ந்த வழவழப்பான சுவருக்கு ஆழமான பள்ளங்கள் வெட்டிய சோலைவிட, அகன்று தட்டையாகப் படியும் சோல் நல்லது. சேற்றுக்கும் மலைப்பாதைக்கும் வெட்டிய சோல் நகரத்துக் கம்பியில் வழுக்குவதற்கு இது ஒரு காரணம். பாறை ஏறுபவர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். 1980களில் ஃபைவ் டென் நிறுவனம் கொண்டுவந்த ‘ஸ்டெல்த்’ ரப்பரின் புகழ் முழுவதும் ஒட்டும் தன்மையால் வந்தது. பார்கூர்காரர்களில் சிலர் அந்த வகை ஷூக்களை முயன்று பார்த்ததும், எடையும் விறைப்பும் கூடுதல் என்று விட்டுவிட்டதும் உண்டு.

மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், குறைவாகப் பிடிக்கும். இந்தப் பேரத்திலிருந்து எந்தத் தயாரிப்பாளரும் முழுதாகத் தப்பவில்லை. எடையைக் குறைக்க ஓட்ட ஷூக்காரர்கள் செய்த உபாயம் பார்கூருக்கு இன்னும் தொல்லை: தேயும் இடங்களில் மட்டும் ரப்பர்த் துண்டுகளை ஒட்டி, மற்ற இடங்களில் நுரையை வெளியே விட்டுவிடுகிறார்கள். தார்ச்சாலையில் நேராக ஓடுகிறவருக்கு அது போதும். சுவரில் பக்கவாட்டில் உரசும்போது துண்டுகள் பெயர்கின்றன, நுரை பிய்கிறது. பாத வளைவுக்கு அடியில் முறுக்கைத் தடுக்க வைக்கும் கெட்டி பிளாஸ்டிக் பாலம் அதைவிட ஆபத்து. கம்பியில் முன்பாதம் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தால் கம்பிக்கு மேல் இருப்பது ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். கடையில் ஷூவைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் இதை முதல் வழுக்கலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

தூசியும் ஈரமும் எல்லாக் கணக்கையும் கெடுக்கின்றன. மெல்லிய தூசிப் படலம் ரப்பரைச் சுவரிலிருந்து பிரித்துவிடுகிறது; தாவுவதற்கு முன் அனுபவசாலிகள் உள்ளங்கையால் சோலைத் துடைத்துக்கொள்வது இதனால்தான். பெயிண்ட் அடித்த இரும்புக் கம்பியின் மேல் மழை விழுந்தால் எந்த நிறுவனத்தின் உத்தரவாதமும் செல்லாது. ஆகவே ‘சிறந்த பிடிப்பு’ என்று தனியாக ஒன்று இல்லை. இந்தச் சுவருக்கு, இந்த நாளுக்கு என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தனி ஷூக்களின் வருகை

‘ஜம்ப் லண்டன்’ வழியாகவும் 2006இல் வந்த ‘கேசினோ ராயல்’ படத்தின் துரத்தல் காட்சி வழியாகவும் உலகம் அறிந்த செபாஸ்டியான் ஃபூக்கானோடு சேர்ந்து கே-சுவிஸ் நிறுவனம் ‘அரியாகே’ என்ற ஷூவைக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனம் ஒன்று இந்தப் பயிற்சியைச் சந்தையாகப் பார்த்த தொடக்ககால முயற்சிகளில் அது ஒன்று. பின்னர் அமெரிக்காவில் ஓலோ, பிரிட்டனில் ஸ்டோரர் குழு என்று பயிற்சி செய்கிறவர்களே ஷூ செய்து விற்க வந்தார்கள். ஒரே துண்டாக ஓடும் ரப்பர் சோல், பிளாஸ்டிக் இல்லாத பாத வளைவு, விரல் முனையில் உரசலைத் தாங்கும் மறைப்பு, மிதமான நுரை என்று இவர்களின் வடிவமைப்புகள் ஒன்றையொன்று நெருங்கிவந்தன. வெவ்வேறு ஆட்கள் தனித்தனியே முயன்று ஒத்த வடிவத்தை எட்டியிருப்பது, எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க சான்று என்பது என் கணிப்பு. குறைகள் இல்லாமல் இல்லை. சிறு தயாரிப்பாளர்களிடம் எல்லா அளவும் எப்போதும் கிடைப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ இந்தியாவுக்கு வரவழைத்தால் அஞ்சலும் சுங்கமும் சேர்ந்து விலை எகிறும். காலில் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் திருப்பிப் பார்த்து வாங்கிய மலிவு ஷூ இன்னும் போட்டியில் இருப்பதற்கு இவை போதுமான காரணங்கள்.

ஷூ இரண்டாம்பட்சம் என்ற வாதம்

எல்லாத் தரப்பையும் ஒதுக்கிவிட்டு, இறங்கும் முறைதான் முதன்மை என்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம்தான் பார்கூரையே நேரடியாக அளந்த சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் டேமியன் படில், பீட்டர் மால்டர் இருவரும் 2013இல், 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்து இறங்கும் மூன்று முறைகளை விசை அளக்கும் தகட்டில் ஒப்பிட்டார்கள். பார்கூரின் பிரிசிஷன் இறக்கத்திலும் உருண்டு எழும் இறக்கத்திலும் உச்ச விசை வழக்கமான இறக்கத்தைவிடக் குறைவு. விசை ஏறும் வேகமும் குறைவு. கலந்துகொண்டவர்கள் பத்துப் பேர்தான், உயரமும் மிதமானது. ஆனாலும் இறங்கும் முறை மாறினால் உடல் தாங்கும் விசை எவ்வளவு மாறும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

ஜெர்மன் பார்கூர்காரர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான காயக் கணக்கெடுப்பில் மிகுதியாகப் பதிவானது தோல் உரசல். காயத்துக்கு அடிக்கடி காரணமானது இறக்கம். தன் திறனை மிகையாக மதிப்பிட்டதும் காரணப் பட்டியலில் இடம்பெற்றது. மிகை மதிப்பீட்டுக்கு எந்தக் கடையிலும் ஷூ இல்லை என்று இந்தத் தரப்பு சொல்லலாம். சரிதான். ஆனால் முறை முதன்மை என்பதிலிருந்து ஷூ பொருட்டில்லை என்பது தானாக வந்துவிடாது. வழுக்கும் சோலில் நல்ல முறையும் வேலை செய்யாது. தரையை உணரவிடாத சோலில் நல்ல முறையைக் கற்கவே நாளாகும்.

தீராமல் இருப்பவை

இதுவரை வந்த சான்றுகளை வைத்துக் கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பிளாஸ்டிக் பாலமும் துண்டுத் துண்டான ரப்பரும் உள்ள சோல் பார்கூருக்குப் பொருந்தாது. குதிகாலில் மட்டும் குவித்த தடித்த நுரை, முன்பாதத்தில் இறங்குபவருக்குக் கொடுப்பதைவிடக் கெடுப்பது அதிகமாக இருக்கலாம். மெல்லிய சோலுக்குத் திடீரென்று மாறுவது பாத எலும்புகளுக்கு நல்லதல்ல. விலை தரத்தின் அளவுகோல் ஆகாது.

அதற்கு மேல் போனால் தரை நழுவுகிறது. பத்து, இருபது வருடம் மெல்லிய சோலில் குதித்தவர்களின் முழங்காலும் குதிகாலும், மிதமான மெத்தையில் குதித்தவர்களுடையதிலிருந்து வேறுபடுகின்றனவா என்பது திறந்தே கிடக்கிறது. முதல் தலைமுறை இப்போதுதான் ஐம்பதுகளில் நடமாடுகிறது. பார்கூர் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். அகலமும் வளைவும் வேறுபடும் பெண்களின் பாதங்களுக்கும், வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைகளின் பாதங்களுக்கும் அந்த முடிவுகளை நீட்டுவது ஊகமே. பரப்புகளும் மாறிவருகின்றன. உலக ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பார்கூரைத் தன் பிரிவுகளில் சேர்த்து 2022இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. பார்கூர் அமைப்புகள் பல அந்தச் சேர்ப்பை எதிர்த்தன. எதிர்ப்பு ஒருபுறம் இருக்க, போட்டிக்கென்று கட்டிய தடைகளிலும் உள்ளரங்கப் பலகைகளிலும் வளரும் ஒரு தலைமுறைக்கு, ஈரக் கான்கிரீட்டை மனத்தில் வைத்து எழுந்த விவாதம் எவ்வளவு பொருந்தும் என்பதை அவர்களுடைய காயப் பதிவுகள்தான் காட்ட வேண்டும். பிடிப்பைப் பொறுத்தவரை, டைல்ஸ், பெயிண்ட் அடித்த கம்பி, பழைய செங்கல் ஆகியவற்றின் மேல் வெவ்வேறு சோல்களை நேருக்கு நேர் வைத்து அளப்பது கடினமான வேலையல்ல. விசைத் தகட்டுக்கு ஆகும் செலவில் சிறு பகுதி போதும்.